மூன்று நிமிடக் கணக்கு: தனியார் பள்ளிகளில் இதய அதிர்வுக் கருவி கட்டாயமானால் என்ன மாறும்?

பள்ளிகளில் அவசர இதய அதிர்வுக் கருவி இருந்தாக வேண்டும் என்று எங்காவது ஒரு சட்டம் வரும்போதெல்லாம் அதன் பின்னாலேயே சில கேள்விகளும் வருகின்றன. தனியார் பள்ளிகளும் இதில் அடங்குமா? அடங்கும் என்றால் செலவு யாருடையது? அடங்காது என்றால் அங்கே படிக்கும் பிள்ளையின் இதயத்துக்கு மட்டும் வேறு விதியா? செய்திகளில் இந்த விவாதம் ‘உயிர் முக்கியம்’ என்ற ஒரு வரியிலும் ‘கூடுதல் சுமை’ என்ற இன்னொரு வரியிலும் முடிந்துவிடுகிறது. உண்மையில் இது பாதி மருத்துவம், பாதி கடிகாரம். இரண்டையும் புரிந்துகொண்டால்தான் சட்டத்தின் எந்தச் சொல் உயிரைக் காக்கும், எந்தச் சொல் சுவரை மட்டும் அலங்கரிக்கும் என்று பிரித்தறிய முடியும்.

## மாரடைப்பு வேறு, இதய நிறுத்தம் வேறு

தமிழில் இந்தப் பேச்சு தொடங்கும் இடத்திலேயே ஓர் இடறல் இருக்கிறது. மைதானத்தில் ஒரு மாணவர் சுருண்டு விழுந்து இறந்தால் மறுநாள் செய்தி ‘மாரடைப்பால் மரணம்’ என்கிறது. பெரும்பாலும் அது மாரடைப்பே அல்ல.

மாரடைப்பு என்பது குழாய்க் கோளாறு. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனியில் அடைப்பு ஏற்பட்டு, தசையின் ஒரு பகுதி பட்டினி கிடக்கிறது. அந்த நேரத்திலும் இதயம் பொதுவாகத் துடித்துக்கொண்டுதான் இருக்கும். நோயாளிக்கு நெஞ்சு வலிக்கும், வியர்க்கும். அவரால் பேச முடியும், நடக்கவும் கூடும்.

திடீர் இதய நிறுத்தம் என்பது மின்கோளாறு. இதயத்தின் மேலறையில் இருக்கும் ஒரு சிறு திசுக்கூட்டம் அனுப்பும் மின் கட்டளைக்கு ஏற்பத்தான் கோடிக்கணக்கான தசைச் செல்கள் ஒன்றாகச் சுருங்குகின்றன. ஊர் கூடி இழுத்தால்தான் தேர் நகரும். அந்த ஒழுங்கு குலைந்தால், கீழறைகளின் தசை நார்கள் ஒவ்வொன்றும் தன் போக்கில் துடிதுடிக்கத் தொடங்குகின்றன. மருத்துவர்கள் இதைக் கீழறை நடுக்கம் என்கிறார்கள். வடம் அதிர்கிறது, தேர் நகரவில்லை. இதயம் நடுங்கிக்கொண்டிருக்கிறது, ஆனால் மூளைக்கு ஒரு துளி ரத்தமும் போய்ச் சேருவதில்லை. சில நொடிகளில் நினைவு தப்புகிறது. நான்கிலிருந்து ஆறு நிமிடங்களுக்குள் மூளைச் செல்கள் மீளாத பாதிப்பை நோக்கிப் போகின்றன.

மாரடைப்பு முற்றி இதய நிறுத்தத்தில் முடிவதும் உண்டு. பெரியவர்களிடம் அதுவே பொதுவான பாதை. பிள்ளைகளிடம் பாதை வேறு. அதைப் பிறகு பார்ப்போம்.

## அந்தப் பெட்டி என்ன செய்கிறது?

மருத்துவ உலகில் இதன் முழுப்பெயர் தானியங்கி வெளிப்புற டிஃபிபிரிலேட்டர். புழக்கத்தில் ஏ.இ.டி. இதன் வரலாறு ஒரு பள்ளி வயதுச் சிறுவனிடமிருந்து தொடங்குகிறது என்பது பலருக்குத் தெரியாது. 1947இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நகரில் கிளாட் பெக் என்ற அறுவை மருத்துவர், மார்பு அறுவையின்போது இதயம் நடுங்கத் தொடங்கிய 14 வயதுச் சிறுவனின் இதயத்தில் நேரடியாக மின்தகடுகளை வைத்து அதிர்ச்சி கொடுத்தார். சிறுவன் பிழைத்தான். மனிதரில் இந்தச் சிகிச்சை வெற்றி பெற்ற முதல் நிகழ்வு அது. 1960களின் நடுவில் பெல்ஃபாஸ்ட் நகர இதய மருத்துவர் ஃபிராங்க் பேன்ட்ரிட்ஜ், கார் பேட்டரிகளில் இயங்கும் கருவியை ஆம்புலன்ஸில் ஏற்றினார். அதன் எடை ஏறத்தாழ 70 கிலோ. இன்றைய பெட்டியைப் பத்து வயதுப் பிள்ளை ஒரு கையில் தூக்கி வந்துவிடலாம்.

சுமப்பது எளிதானதைவிட, முடிவெடுக்கும் வேலையைக் கருவியே ஏற்றுக்கொண்டதுதான் பெரிய மாற்றம். மூடியைத் திறந்தால் அது பேசத் தொடங்குகிறது. ஒட்டும் பட்டைகள் இரண்டை வெற்று மார்பில், படத்தில் காட்டிய இடங்களில் ஒட்டச் சொல்கிறது. சில நொடிகளில் இதயத்தின் மின்னோட்டத்தைப் படித்து, அதிர்ச்சி தேவையா இல்லையா என்று தானே தீர்மானிக்கிறது. தேவை என்றால் மட்டுமே மின்னேற்றம் செய்து, பொத்தானை அழுத்தச் சொல்கிறது. தேவையில்லை என்றால், நீங்கள் எத்தனை முறை அழுத்தினாலும் அது அதிர்ச்சி தராது. ‘தவறுதலாக ஷாக் கொடுத்துவிட்டால்?’ என்ற ஆசிரியர்களின் பெரும் பயத்துக்குப் பதில் இந்த ஒரு வசதியில் இருக்கிறது.

திரைப்படங்கள் விதைத்த ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே களைய வேண்டும். திரையில் நேர்கோடு ஓடிக்கொண்டிருக்கும்போது மருத்துவர் மின்தகடுகளை வைத்து ‘நின்ற இதயத்தைக் கிளப்புவார்’. நிஜத்தில் நேர்கோட்டுக்கு அதிர்ச்சி கொடுப்பதில்லை. அதிர்ச்சியின் வேலை, குழம்பிக் கிடக்கும் மின்சுழற்சிகளை ஒரே நொடியில் அடக்குவது. அந்த அமைதியில் இதயத்தின் இயல்பான கட்டளை மையம் மறுபடி பொறுப்பேற்றுக்கொள்ளும். ஆகவே இந்தக் கருவி எல்லா மயக்கத்துக்கும் மருந்தல்ல. கீழறை நடுக்கம், நாடியில்லாத மிகைவேகக் கீழறைத் துடிப்பு ஆகிய இரண்டுக்கு மட்டுமே அது அதிர்ச்சி தரும். மற்ற நிலைகளில் ‘மார்பை அழுத்துவதைத் தொடருங்கள்’ என்று சொல்லிவிடும்.

மார்பை அழுத்துவது என்பது சி.பி.ஆர். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்களுக்கு ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில். இதயம் செய்யாத வேலையைக் கைகள் செய்து, மூளைக்குக் கொஞ்சம் ரத்தத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். கருவி வரும்வரை நேரத்தை வாங்கித் தருவது இந்தக் கைகள்தான். இரண்டில் ஒன்றை மட்டும் கட்டாயமாக்கும் சட்டம் அரைச் சட்டம்.

## பிள்ளைகளின் இதயம் ஏன் நிற்கிறது?

‘நேற்றுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிள்ளை’ என்பதுதான் இத்தகைய செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் வாக்கியம். அது உண்மையாகவே இருக்கும். காரணங்களில் முக்கியமானவை இவை:

1. இதயத் தசை தடிப்பு நோய். ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இருப்பதாகக் கணக்கிடப்படும் பரம்பரைக் கோளாறு. கீழறைச் சுவர் அளவுக்கு மீறித் தடித்திருக்கும். பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. கடும் பயிற்சியின் நடுவே முதல் அறிகுறியே இதய நிறுத்தமாக வரலாம்.

2. மின்னமைப்புக் கோளாறுகள். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் மின்னளவில் மீண்டு தயாராக எடுத்துக்கொள்ளும் நேரம் நீண்டுபோவது ஒரு வகை. சுமார் 2,000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. ஓட்டம், நீச்சல், திடீர் ஒலி, மன அதிர்ச்சி ஆகியவை இதைத் தூண்டலாம். இதயத்தின் வடிவம் முற்றிலும் இயல்பாக இருக்கும் என்பதால் பிரேதப் பரிசோதனையில்கூட எதுவும் தெரியாமல் போகும். இத்தகைய பிள்ளைகள் இதற்கு முன் மயங்கி விழுந்ததை ‘வலிப்பு’ என்று எழுதிக் கோப்பை மூடியிருப்பதும் உண்டு.

3. தமனி தவறான இடத்திலிருந்து பிறப்பது. இதயத் தசைக்கான தமனி இயல்பான இடத்தில் தோன்றாமல், கடும் உழைப்பின்போது நசுங்கும் பாதையில் போவது.

4. இதயத் தசை அழற்சி. வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வரலாம். ‘காய்ச்சல் விட்டாயிற்று, மைதானத்துக்கு வா’ என்ற அவசரம் ஆபத்தாவது இங்கேதான்.

5. மார்பில் விழும் அடி. நோயே இல்லாத இதயத்தையும் இது நிறுத்தும். பந்து இதயத்துக்கு நேரே, துடிப்புச் சுழற்சியின் ஒரு குறிப்பிட்ட கணத்தில் பட்டால் கீழறை நடுக்கம் தொடங்கிவிடும். அந்தக் கணம் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்குத்தான். விலங்குகளில் நடந்த சோதனைகளில் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகப் பந்து மிக அதிக ஆபத்தைக் காட்டியது. பள்ளி மைதானத்தில் சர்வசாதாரணமான வேகம் அது. இந்த ஐந்தாவது காரணத்தை எந்த முன்பரிசோதனையும் கண்டுபிடிக்காது. ஏனென்றால் கண்டுபிடிக்க அங்கே நோய் எதுவும் இல்லை.

நீரில் மூழ்குவது, தொண்டையில் பொருள் சிக்குவது ஆகியவற்றாலும் இதயம் நிற்கும். அங்கே மூலக் காரணம் ஆக்சிஜன் பற்றாக்குறை என்பதால் செயற்கைச் சுவாசம் முதலிடம் பெறுகிறது. கருவியைக் கொண்டுவந்து பொருத்த வேண்டும்தான், ஆனால் பெரும்பாலும் அது அதிர்ச்சி தேவையில்லை என்றே சொல்லும்.

## பள்ளியில் விழுவது மாணவர் மட்டுமா?

இந்த விவாதத்தில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு தகவல் 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வில் இருக்கிறது. ஏ.இ.டி. வைத்திருந்த 1,710 உயர்நிலைப் பள்ளிகளை ஆய்வாளர்கள் கேட்டார்கள். 36 பள்ளிகளில் இதய நிறுத்தம் நிகழ்ந்திருந்தது. விழுந்தவர்களில் 14 பேர் மாணவ விளையாட்டு வீரர்கள். மீதி 22 பேர் பெரியவர்கள்: பள்ளிப் பணியாளர்கள், பார்வையாளர்கள் போன்றோர். 36 பேரில் 23 பேர், அதாவது 64 சதவீதத்தினர், உயிருடன் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினார்கள். பொது இடத்தில் கருவியின்றி விழுபவர்களில் பத்தில் ஒருவர் பிழைத்தாலே பெரிது என்ற நிலையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்த எண்கள் விவாதத்தின் கோணத்தையே மாற்றுகின்றன. ‘பிள்ளைகளுக்கு இது மிக அரிது, எதற்கு இத்தனை செலவு’ என்று சொல்பவர்கள் மாணவர்களை மட்டும் எண்ணுகிறார்கள். பள்ளி வளாகத்துக்குள் ஓய்வு வயதை நெருங்கும் ஆசிரியர் இருக்கிறார், சமையல் கூடத்தில் வேலை செய்பவர் இருக்கிறார், இரவுக் காவலர் இருக்கிறார், பேரனின் ஓட்டப்பந்தயத்தைப் பார்க்க வெயிலில் உட்கார்ந்திருக்கும் தாத்தா இருக்கிறார். இளம் விளையாட்டு வீரர்களில் ஆண்டுக்கு 50,000 முதல் 80,000 பேரில் ஒருவருக்கு இதய நிறுத்தம் வரலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அந்த எண் சிறியதுதான். பெரியவர்களையும் சேர்த்தால் அது சிறியதாக இருக்காது.

## மூன்று நிமிடக் கணக்கு

எந்த உதவியும் இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 சதவீதத்தைத் தின்றுவிடுகிறது. மார்பை அழுத்திக்கொண்டே இருந்தால் இழப்பு நிமிடத்துக்கு 3 முதல் 4 சதவீதமாகக் குறைகிறது. 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில் நடந்தது. கேமரா கண் எங்கும் இருந்ததால் விழுந்த நொடியும் அதிர்ச்சி கொடுத்த நொடியும் துல்லியமாகத் தெரிந்தன. மூன்று நிமிடங்களுக்குள் அதிர்ச்சி பெற்றவர்களில் 74 சதவீதம் பேர் பிழைத்தார்கள். அதற்குமேல் தாமதமானவர்களில் 49 சதவீதம். பள்ளிப் பாதுகாப்புத் திட்டங்களில் ‘மூன்று நிமிடம்’ என்று குறிப்பிடப்படுவது இத்தகைய கண்டறிதல்களிலிருந்துதான் வருகிறது. வெறும் வட்டமான எண் அல்ல அது.

இப்போது 180 நொடிகளைப் பங்கிட்டுப் பார்ப்போம். விழுந்தவர் பதில் சொல்லவில்லை என்று உணர்ந்து கூச்சலிட 30 நொடி. கருவி வந்தபின் சட்டையைத் திறந்து, பட்டைகளை ஒட்டி, கருவி படித்து, மின்னேற்றி, அதிர்ச்சி தர 50 நொடி. மிஞ்சுவது 100 நொடி. போய்வர வேண்டும் என்பதால் ஒரு வழிக்கு 50 நொடி. வேக நடையில் ஒருவர் நொடிக்கு ஒன்றரை மீட்டர் கடந்தால் 75 மீட்டர். ஓடினால் 150 மீட்டர். மாடிப்படியும் பூட்டிய கதவும் இல்லை என்று வைத்துக்கொண்டால்தான் இது.

இந்தச் சிறிய கணக்கிலிருந்து மூன்று முடிவுகள் விழுகின்றன.

1. ‘பள்ளிக்கு ஒரு கருவி’ என்ற விதி சிறு கட்டடத்துக்குப் போதும். நீண்டு விரிந்த வளாகத்துக்குப் போதாது. எண்ணிக்கையை மாணவர் தலைகளை வைத்துத் தீர்மானிப்பதைவிட, தூரத்தை வைத்துத் தீர்மானிப்பதே சரி.

2. தலைமையாசிரியர் அறையின் அலமாரி மிக மோசமான இடம். பள்ளி நேரம் முடிந்ததும் அந்த அறை பூட்டப்படும். மைதானப் பயிற்சி தொடங்குவதோ அதற்குப் பிறகுதான்.

3. மைதானத்தில் இருப்பவர் கருவிக்கு அருகில் இருப்பவரைத் தொலைபேசியிலோ வாக்கி-டாக்கியிலோ அழைக்க முடிந்தால், பயணம் ஒரு வழியாகிறது. அதே 100 நொடியில் இரண்டு மடங்கு தூரம் எட்டலாம். இன்னொரு கருவி வாங்காமலேயே கிடைக்கும் இந்த லாபத்தைப் பல பள்ளிகள் எண்ணிப் பார்ப்பதில்லை.

## தனியார் பள்ளிகள் ஏன் விடுபட்டுப் போகின்றன?

சட்டம் எழுதுபவர்களுக்குத் தனியார் பள்ளிப் பிள்ளைகள்மேல் வெறுப்பு ஏதும் இல்லை. விடுபடுவதற்குக் காரணம் பெரும்பாலும் நிர்வாகக் குழாய்தான். அரசு பணம் எந்தக் குழாய் வழியே பாய்கிறதோ, அதே குழாய் வழியேதான் கட்டளையும் பாய்கிறது. ‘கல்வி மாவட்டம் வாங்கி வைக்க வேண்டும்’ என்று வாசகம் எழுதப்பட்டால், எந்தக் கல்வி மாவட்டத்துக்கும் கட்டுப்படாத பள்ளி தானாகவே வெளியே நின்றுவிடும்.

இங்கிலாந்து இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 2022இல் அரசு அறிவித்த திட்டப்படி, அரசு நிதி பெறும் பள்ளிகளுக்கெல்லாம் கருவிகள் இலவசமாக அனுப்பப்பட்டு 2023இல் பணி முடிந்தது. கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகள் அந்த விநியோகத்தில் இல்லை. வேண்டுமென்றால் தாங்களே வாங்கிக்கொள்ளலாம். 2020 முதல் சி.பி.ஆர். உள்ளிட்ட முதலுதவியைப் பாடத்தில் சேர்த்த சுகாதாரக் கல்வி விதியும் அரசு நிதிப் பள்ளிகளுக்கானதாகவே எழுதப்பட்டது. வசதியான தனியார் பள்ளிகள் பல இதையெல்லாம் முன்பே செய்துவிட்டன என்பது உண்மை. ஆனால் ‘பல’ என்பது ‘எல்லாம்’ அல்ல. எந்தப் பள்ளி செய்யவில்லை என்று கேட்டறிய யாருக்கும் அதிகாரம் இல்லாமல் போவதுதான் கட்டாயமின்மையின் உண்மையான விலை.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை மாறுகிறது. நியூ ஜெர்சியின் ‘ஜேனட் சட்டம்’ 2012இல் நிறைவேறி 2014 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. பயிற்சிக்குப் பின் இதயம் நின்று இறந்த 11 வயதுச் சிறுமியின் பெயரைத் தாங்கிய சட்டம் அது. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற பிரிவினையே அதில் கிடையாது. பூட்டப்படாத இடத்தில் கருவி இருக்க வேண்டும், விளையாட்டுப் பயிற்சி நடக்கும் நேரத்திலும் எட்டும்படி இருக்க வேண்டும், குறைந்தது ஐந்து பேர் பயிற்சிச் சான்று பெற்றிருக்க வேண்டும், எழுதப்பட்ட அவசரச் செயல்திட்டம் இருக்க வேண்டும் என்று அது விரிவாகச் சொல்கிறது. ஒஹையோ மாநிலமும் 2024இல் அரசுப் பள்ளிகளோடு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளையும் சேர்த்துச் சட்டம் இயற்றியது.

ஒஹையோ சட்டத்தின் ‘அங்கீகாரம் பெற்ற’ என்ற சொல்லைக் கவனியுங்கள். தனியார் பள்ளியைக் கட்டாயத்துக்குள் கொண்டுவர அரசிடம் இருக்கும் நேரடிப் பிடி அங்கீகாரம்தான். தீயணைப்புக் கருவியும் அவசர வழியும் இல்லாத கட்டடத்தில் பள்ளி நடத்த அனுமதி கிடையாது. அதில் உரிமையாளர் யார் என்று எவரும் கேட்பதில்லை. இதய அதிர்வுக் கருவியைக் கல்வித் துறையின் நலத்திட்டமாகப் பார்த்தால் தனியார் பள்ளி வெளியே நிற்கும். கட்டடப் பாதுகாப்பு நிபந்தனையாகப் பார்த்தால் உள்ளே வந்துவிடும். எந்தத் தலைப்பின் கீழ் சட்டம் எழுதப்படுகிறது என்பதே பாதி முடிவைத் தீர்மானித்துவிடுகிறது.

## எதிர்ப்பு வாதங்களில் எது நிற்கிறது, எது நிற்கவில்லை?

செலவு. ‘தனியார் பள்ளி என்றால் பணக்காரப் பள்ளி’ என்பது சோம்பேறித்தனமான எண்ணம். நீச்சல் குளமும் புல்வெளி மைதானமும் உள்ள உறைவிடப் பள்ளியும் தனியார்தான். ஒரே மாடியில் அறுபது பிள்ளைகளோடு இழுபறியாக நடக்கும் பள்ளியும் தனியார்தான். இரண்டுக்கும் ஒரே கால அவகாசம், ஒரே அபராதம் என்றால் அது நியாயமாகாது. எனவே இந்த வாதம் பாதி நிற்கிறது. அதற்கான தீர்வு, சிறு பள்ளிகளுக்குக் கூடுதல் அவகாசம், மொத்தக் கொள்முதல் விலையில் வாங்கும் வாய்ப்பு, மானியம். ஒட்டுமொத்தத் தனியார் பள்ளிகளுக்கும் விலக்கு என்பது தீர்வாகாது. வரம்பு வைப்பதானால் பள்ளியின் அளவை வைத்து வைக்கலாம். உரிமையாளரை வைத்து வைக்க மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

அரிதான நிகழ்வு. இதற்குப் பதில் மேலே வந்துவிட்டது. தீவிபத்தும் அரிதுதான்.

வழக்கு பயம். தனியார் நிர்வாகங்கள் வெளியே சொல்லாமல் உள்ளே அஞ்சுவது இதற்குத்தான். ‘கருவியே இல்லை என்றால் யாரும் எங்களைக் கேட்க முடியாது, வைத்துவிட்டுச் சரியாகப் பயன்படுத்தாவிட்டால் கேட்பார்கள்’ என்பது அவர்களின் கணக்கு. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று 2000ஆம் ஆண்டிலேயே இதைக் கையாண்டது: நல்லெண்ணத்தோடு கருவியைப் பயன்படுத்துபவருக்கும் அதை வாங்கி வைத்தவருக்கும் சிவில் வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. பராமரிப்பைக் கைவிட்டவருக்கு அந்தப் பாதுகாப்பு விலகும். கட்டாயமும் பாதுகாப்பும் ஒரே சட்டத்தில் சேர்ந்து வந்தால் இந்தப் பயத்துக்கு அடித்தளம் இல்லாமல் போகிறது. கட்டாயம் மட்டும் வந்து பாதுகாப்பு வராவிட்டால், பயம் நியாயமானதே.

## பெட்டி இருந்தும் உயிர் போன கதை

2011 செப்டம்பரில் ஜப்பானின் சைத்தாமா நகரில் ஆறாம் வகுப்பு மாணவி ஒருவர் ஓட்டப் பயிற்சியின் முடிவில் விழுந்தார். பள்ளியில் ஏ.இ.டி. இருந்தது. ஆசிரியர்கள் உடனே கூடினார்கள். மாணவி விட்டுவிட்டு மூச்சிழுப்பது போலத் தெரிந்ததால், ‘சுவாசம் இருக்கிறது’ என்று முடிவு செய்துவிட்டார்கள். மார்பை அழுத்தவில்லை, கருவி பொருத்தப்படவில்லை. மறுநாள் அவர் இறந்தார்.

அவர்கள் பார்த்தது சுவாசம் அல்ல. இதயம் நின்ற பின் மூளைத் தண்டு கடைசியாக எழுப்பும் அனிச்சைத் திணறல் அது. மீன் கரையில் வாயைத் திறந்து மூடுவது போல, நீண்ட இடைவெளிகளில், சில சமயம் குறட்டை ஒலியோடு வரும். இதய நிறுத்தத்தின் முதல் நிமிடங்களில் இது அடிக்கடி நிகழ்கிறது. சில சமயம் கைகால் வெட்டி இழுப்பதும் உண்டு. பார்ப்பவர் வலிப்பு என்று நினைத்துக் காத்திருந்துவிடுவார். சைத்தாமா நகரக் கல்வி வாரியம் மாணவியின் குடும்பத்தோடு சேர்ந்து 2012இல் ‘அசுகா மாதிரி’ என்ற கையேட்டை, அந்த மாணவியின் பெயரிலேயே, வெளியிட்டது. அதன் உயிர்நாடி ஒரு வரி: சந்தேகமாக இருந்தால், இதயம் நின்றுவிட்டதாகவே எடுத்துக்கொண்டு செயல்படு.

ஜப்பானிலிருந்து வந்த இன்னொரு கண்டறிதல் சங்கடமானது. உயர்நிலைப் பள்ளி வயதில் மாணவர்களைவிட மாணவிகளுக்குப் பட்டைகள் ஒட்டப்படுவது குறைவாக இருக்கிறது. மேலாடையை விலக்கத் தயங்குகிறார்கள் என்பதைத் தவிர வேறு நல்ல விளக்கம் தெரியவில்லை. பட்டை தோலில் நேரடியாக ஒட்டினால் போதும். ஒட்டியபின் மேலே துணியைப் போர்த்தலாம், சுற்றி நின்று மறைக்கலாம். பயிற்சியில் இதை வாய்விட்டுச் சொல்லாதவரை தயக்கம் போகாது. பெண்கள் பள்ளிகள் பலவும் தனியார் கையில் இருப்பவை என்பதால், தனியார் பள்ளிக்கான விதிமுறையில் இது ஒரு வரியாகவாவது இடம்பெற வேண்டும்.

## சட்ட வாசகத்தில் எதைத் தேட வேண்டும்?

ஒரு வரைவு வெளியாகும்போது ‘கட்டாயம்’ என்ற சொல்லைத் தாண்டிப் பார்க்க வேண்டியவை:

1. இடமா, எண்ணிக்கையா? ‘ஒன்று’ என்று சொல்கிறதா, ‘மூன்று நிமிடத்துக்குள்’ என்று சொல்கிறதா?

2. பூட்டு. திருட்டுப் பயத்தால் பூட்டி வைக்கிறார்கள். திறந்தால் மணி ஒலிக்கும் பெட்டி திருட்டையும் தடுக்கும், உதவிக்கும் ஆள் கூட்டும்.

3. பராமரிப்பு யார் பெயரில்? ஒட்டும் பட்டைகளின் பசை இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுகளில் காலாவதியாகும். பேட்டரிக்கும் ஆயுள் உண்டு. கருவி தன்னைத்தானே சோதித்துப் பச்சை விளக்கோ அடையாளக் குறியோ காட்டும். அதைப் பார்க்க ஒருவர் வேண்டும். ‘நிர்வாகம் பராமரிக்கும்’ என்ற வாசகத்துக்கு யாரும் பராமரிக்க மாட்டார்கள் என்று பொருள். ஒரு பதவியின் பெயரும் மாதம் ஒரு கையெழுத்தும் வேண்டும்.

4. சிறு பிள்ளைகளுக்கான வசதி. எட்டு வயதுக்குக் கீழே, அல்லது சுமார் 25 கிலோவுக்குக் கீழே, ஆற்றலைக் குறைக்கும் சிறுவர் பட்டையோ விசையோ பயன்படுத்த வேண்டும். அது கையில் இல்லாவிட்டால் பெரியவர் பட்டையையே ஒன்றை மார்பிலும் ஒன்றை முதுகிலும் ஒட்டலாம். காத்திருப்பதுதான் தவறு. மழலையர் பிரிவு உள்ள தனியார் பள்ளிகள் பல என்பதால் இது இங்கே கூடுதலாகப் பொருந்தும்.

5. ஒத்திகை. தீ ஒத்திகை போல ஆண்டுக்கு ஒருமுறையாவது, முன்னறிவிப்பின்றி, கையில் கடிகாரத்தோடு. முதல் ஒத்திகையில் மூன்று நிமிடத்தை எட்டாத பள்ளி வெட்கப்பட வேண்டியதில்லை; எங்கே தாமதம் என்று அப்போதுதான் தெரியவரும்.

6. பள்ளி நேரத்துக்கு வெளியே. தனியார் பள்ளிகளின் அரங்கமும் மைதானமும் விடுமுறையில் வாடகைக்குப் போகின்றன. அப்போதும் கருவி எட்டுமா?

7. ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்துக்குத் தெரியுமா? கருவி எங்கே இருக்கிறது என்று பதிவு செய்திருந்தால், அழைப்பை எடுப்பவரே ‘நுழைவாயிலின் இடப்பக்கம் இருக்கிறது, ஒருவரை அனுப்புங்கள்’ என்று சொல்ல முடியும்.

## முன்கூட்டியே பரிசோதித்துவிட்டால் கருவி எதற்கு?

இத்தாலி 1982 முதல் போட்டி விளையாட்டில் ஈடுபடுவோருக்கு மருத்துவப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது, அதில் ஈ.சி.ஜி.யும் உண்டு. வெனேட்டோ பகுதியில் இளம் வீரர்களின் திடீர் மரணம் இருபத்தைந்து ஆண்டுகளில் 89 சதவீதம் குறைந்ததாக 2006இல் ஆய்வறிக்கை வந்தது. ஆனால் இதே பலன் எல்லா நாட்டிலும் கிடைக்குமா என்பதில் நிபுணர்கள் ஒத்துப்போவதில்லை. இயல்பான இதயத்தைச் சந்தேகத்துக்குரியது என்று சொல்லிப் பிள்ளையை மைதானத்திலிருந்து விலக்கிவைக்கும் தவறும் நேர்கிறது. தமனி தவறாகப் பிறந்திருப்பதை ஈ.சி.ஜி. பெரும்பாலும் காட்டாது. மார்பில் விழும் பந்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் ஆட்டத்தின் நடுவே விழுந்த டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன், ஆண்டுதோறும் இதயப் பரிசோதனைக்கு உட்பட்டவர்தான். அவரைக் காப்பாற்றியது சில நிமிடங்களில் கிடைத்த சி.பி.ஆரும் ஓர் அதிர்ச்சியும்.

பரிசோதனை ஆட்களைக் கணக்கெடுக்கிறது. கருவி இடத்தைக் காக்கிறது. பரிசோதனைச் சான்றைக் காட்டி விலக்குக் கேட்கும் பள்ளிக்கு, பார்வையாளர் வரிசையில் இருக்கும் தாத்தாவின் சான்று எங்கே என்று கேட்கலாம்.

## கருவி பயன்பட்ட மறுநாள்

வரைவுச் சட்டங்களில் மிக அரிதாகவே இடம்பெறும் ஒரு விஷயம் மிச்சமிருக்கிறது. ஏ.இ.டி. தான் படித்த இதய மின்னோட்டத்தை நினைவகத்தில் சேமித்து வைக்கிறது: எந்த நொடியில் நடுக்கம், எந்த நொடியில் அதிர்ச்சி, அதன்பின் என்ன தாளம். மருத்துவமனைக்கு நோயாளி வந்துசேரும்போது அந்தக் குழப்பம் அடங்கியிருக்கும். நடந்ததற்கு ஒரே சாட்சி பள்ளியில் இருக்கும் பெட்டிதான். ஆம்புலன்ஸ் போனதும் பதற்றத்தில் அதை மூடிச் சுவரில் மாட்டிவிடுகிறார்கள், அல்லது புதுப்பட்டைக்காக விற்பனையாளரிடம் அனுப்பிவிடுகிறார்கள்.

அந்தப் பதிவு இதய மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தால் நோயின் பெயரைக் கண்டுபிடிக்க உதவும். மேலே பட்டியலிட்ட காரணங்களில் முதல் இரண்டும் பரம்பரையாக வருபவை. பிள்ளை பிழைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும், அதே பள்ளியின் வேறொரு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் தம்பியையோ தங்கையையோ அந்த வாரமே பரிசோதிக்க வேண்டியிருக்கலாம். பதிவை இத்தனை மணி நேரத்துக்குள் சிகிச்சை தரும் மருத்துவமனையிடம் ஒப்படைக்க வேண்டும், அதுவரை மாற்றுக் கருவி ஒன்று சுவரில் இருக்க வேண்டும் என்று ஒரு விதியைச் சேர்க்கச் சட்டத்தில் இரண்டு வரி போதும்.